பழகுநர் முறையும் ஆசிரியர் உருவாக்கமும்: திண்ணைப் பள்ளி முதல் மலையகம் வரை

ஆய்வுச்சுருக்கம்

ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்றாகப் பழகுநர் முறை இன்று பல நாடுகளில் முன்வைக்கப்பெறுகிறது. பள்ளியில் பணியாற்றி ஊதியம் பெற்றுக்கொண்டே ஒருவர் ஆசிரியத் தகுதியை அடைவது இம்முறையின் அடிப்படை. இதன் வரலாறு தமிழகத்துத் திண்ணைப் பள்ளியோடும் தொடர்புடையது. சென்னை, இங்கிலாந்து, அமெரிக்கா, இலங்கை மலையகம் ஆகிய நான்கு களங்களை ஒப்பிட்டு, இம்முறை எந்நிலையில் ஆசிரியரை உருவாக்குகிறது, எந்நிலையில் மலிவான உழைப்பாகச் சுருங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழகுநர் முறை, சட்டாம்பிள்ளை, மாணவ ஆசிரியர், ஆசிரியர் பற்றாக்குறை, மலையகக் கல்வி

முன்னுரை

ஆசிரியர் பற்றாக்குறை என்பது எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. பயிற்சி பெற்றோர் நகரங்களில் வேலையின்றிக் காத்திருக்க, மலைப்பகுதிப் பள்ளியிலும் எல்லையோரப் பள்ளியிலும் இடங்கள் வெறுமையாய்க் கிடப்பதுண்டு. வெளியூரிலிருந்து வருபவர் இடமாற்றத்தை எதிர்நோக்கியே பணியேற்கும் நிலையில், நிரப்பப்பட்ட இடமும் சில ஆண்டுகளில் மீண்டும் வெற்றிடமாகிறது. எனவே அவ்வூரிலேயே வாழ்பவரை ஆசிரியராக்கும் வழி தேடப்படுகிறது. அவ்வாறு உருவாக வேண்டியவருக்குக் கல்லூரிக் கட்டணமும், பயிலுங்காலத்தில் ஊதியமின்மையும் பெருந்தடைகளாகின்றன. இவ்விரு தடைகளையும் ஒருசேர நீக்க முற்படுவதே பழகுநர் முறை.

சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்தறிவித்தும் பாடம் ஒப்புவிக்கச் செய்தும் ஆசிரியருக்குத் துணைநின்றான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளரான ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறார் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழையாமையால், சிறுவர்களைக் கொண்டே சிறுவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை வகுத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழி இது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டரும் இதனையொத்த முறையை இலண்டனில் வளர்த்தெடுத்தார்.

ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்கலாம் என்னும் சிக்கனமே இம்முறை பரவியதற்குப் பெருங்காரணம். கற்பிக்கும் சிறுவன் நாளை ஆசிரியனாதல் வேண்டும் என்பது இதன் முதன்மை நோக்கமன்று. இங்குப் பணி இருந்தது. அப்பணியிலிருந்து ஆசிரியத் தொழிலுக்கு இட்டுச்செல்லும் முறையான பாதை இல்லை.

மாணவ ஆசிரியர் ஒப்பந்தம்

அப்பாதையை அமைத்தவர் ஜேம்ஸ் கே ஷட்டில்வொர்த். இவர் முயற்சியால் 1846இல் இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் திட்டம் உருவாயிற்று. இன்று கல்வியியல் கல்லூரிகளில் வழங்கும் 'மாணவ ஆசிரியர்' என்னும் வழக்கினின்றும் இது வேறானது. பதின்மூன்று வயது நிரம்பியவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பள்ளியில் சேர்க்கப்பெற்றார். முதலாண்டில் 10 பவுண்டாகத் தொடங்கிய உதவித்தொகை இறுதியாண்டில் 20 பவுண்டாக உயர்ந்தது. தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் இவருக்குத் தனியே பாடம் கற்பித்தல் வேண்டும்; அதற்கெனத் தலைமையாசிரியருக்கும் அரசு பணம் வழங்கியது. ஆண்டுதோறும் பள்ளி ஆய்வாளர் தேர்வு நடத்தினார். நிறைவில் போட்டித் தேர்வில் வென்றோர் அரசி உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றனர்.

உயரும் ஊதியம், பயில்வதற்கென ஒதுக்கிய நேரம், பொறுப்புள்ள வழிகாட்டி, ஏற்கப்படும் தகுதி ஆகிய நான்கு கூறுகளையும் இத்திட்டத்தில் காணலாம். 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதித்தொகுப்பு, மாணவ ஆசிரியருக்கு அரசு நேரடியாக வழங்கிய தொகையை நிறுத்தி, தேர்ச்சிக்கேற்ற மானியத்தைப் பள்ளிகளுக்கு வழங்கலாயிற்று. மாணவ ஆசிரியர் எண்ணிக்கை சரிந்தது. அரசு தன் பொறுப்பை விலக்கிக்கொண்டால் பழகுநர் முறை தானே நிலைபெறாது என்பதற்கு இது சான்று.

டென்னசி மாநிலத்தின் பதிவுபெற்ற பழகுநர் திட்டம்

அமெரிக்காவில் 2022 சனவரியில் டென்னசி மாநிலம், ஆசிரியப் பணிக்கான பழகுநர் திட்டத்திற்கு நடுவணரசின் தொழிலாளர் துறையிடம் முதன்முதலாக ஒப்புதல் பெற்றது. கிளார்க்ஸ்வில் மாண்ட்கோமரி பள்ளி மாவட்டமும் ஆஸ்டின் பே மாநிலப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திவந்த உள்ளூர் ஆசிரியர் உருவாக்கமே இதற்கு அடிப்படையாயிற்று. பழகுநர், பள்ளியில் உதவியாளராக ஊதியம் பெற்றுக்கொண்டே, கட்டணச் சுமையின்றிப் பட்டமும் ஆசிரியர் உரிமமும் நோக்கிப் பயில்கிறார். மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் போன்றோருக்குரிய தொழிற்பயிற்சி நிதி ஆசிரியப் பணிக்கும் திறக்கப்பட்டமை இதன் புதுமை.

மலையகத்தின் ஆசிரிய உதவியாளர்

உள்ளூர் ஆசிரியர் என்னும் தேவை இலங்கை மலையகத்தில் ஆழமானது. தோட்ட நிர்வாகத்தின்கீழ் இருந்த பள்ளிகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த ஆசிரியர் பலர் அங்குக் கற்பித்தனர். காலப்போக்கில் இடமாற்றம் பெற்றுத் திரும்பியோரும் பலர். பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, பெருந்தோட்டப் பகுதிக்கான ஆசிரியர் தேவையைக் கருதி உருவாக்கப்பட்டது.

2014, 2015ஆம் ஆண்டுகளையொட்டி, க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த பெருந்தோட்டப் பகுதி இளைஞர் ஏறத்தாழ 3000 பேரை ஆசிரிய உதவியாளராக நியமிக்க முடிவாயிற்று. மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். பின்னர் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்த பின்னரே இலங்கை ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படுவர் என்பது நிபந்தனை.

மேற்கூறிய நான்கு கூறுகளைக் கொண்டு நோக்கின், இத்திட்டத்தில் தகுதிக்கான பாதை இருந்தது, மண்ணறிந்தவரே ஆசிரியராயினர். வாழ்வூதியம் இல்லை. பெயரளவில் உதவியாளராயினும், பற்றாக்குறையுள்ள பள்ளியில் அவர் வகுப்பின் முழுப்பொறுப்பையும் ஏற்க நேரிடுவது இயல்பு. அந்நிலையில் அவருக்கு அருகிருந்து வழிகாட்டுவோர் யார் என்னும் வினா எழுகிறது. இங்குப் பழகுநர் முறையின் உள்முரண் வெளிப்படுகிறது: ஆசிரியர் மிகக் குறைந்த பள்ளியிலேயே பழகுநர் மிகுதியும் தேவைப்படுகிறார், வழிகாட்டும் மூத்த ஆசிரியர் கிடைப்பதரிதாவதும் அப்பள்ளியிலேயே. அருகமைப் பள்ளிகளை ஒருங்கிணைத்து ஒரு மூத்த ஆசிரியரின் கற்பித்தல் நேரத்தைக் குறைத்து அவரை வழிகாட்டியாக்குவது இதற்கு ஒரு தீர்வாகலாம்.

முடிவுரை

பழகுநர் முறை நற்பயன் தர வேண்டுமாயின் அது ஒப்பந்தமாக அமைதல் வேண்டும். பற்றாக்குறையை மறைக்கும் திரையாக அமைதல் கூடாது. இந்தியச் சூழலில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியை வலியுறுத்துவதால், பழகுநர் தகுதிபெற்ற ஆசிரியருக்கு மாற்றாகாமல் அவர்தம் துணையாகவே வகுப்பறைக்குள் நுழைதல் முடியும். இவ்வரம்பு தடையன்று, பழகுநரையும் மாணவரையும் ஒருங்கே காக்கும் அரண். பயிலும் நேரத்திற்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் அரசு பணம் ஒதுக்குகிறதா என்பதே இத்தகைய எந்தத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்குரிய முதல் அளவுகோல். சட்டாம்பிள்ளைக்கும் ஆசிரியப் பழகுநருக்கும் இடையிலான வேறுபாடு அவ்வொதுக்கீட்டிலேயே அடங்கியுள்ளது.