ஒட்டுப் புரதம்

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வெளிச் சேதியைக் கொண்டுவருபவை அதன் சவ்வில் செருகி நிற்கும் ஏற்பிப் புரதங்கள். தலை வெளியே, வால் உள்ளே. என்வி-இசட் என்ற ஏற்பி, சுற்றியுள்ள திரவத்தின் கரைபொருள் செறிவு கூடுவதை உணர்ந்து, உள்ளேயுள்ள ஓம்ப்-ஆர் புரதத்திடம் ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றும். உடனே ஓம்ப்-ஆர் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும்.

டார் என்பது வேறொரு ஏற்பி. ஆஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலம் இருக்கும் பக்கமாகப் பாக்டீரியாவை நீந்தவைப்பது இதன் வேலை. 1989-இல் மசயோரி இனோயேயின் குழு டாரின் தலைக்கும் என்வி-இசட்டின் வாலுக்கும் உரிய துண்டுகளைச் சேர்த்து ஒரே மரபணுவாக்கியது. டாஸ் என்று பெயர். ஆஸ்பார்ட்டேட்டைக் கொடுத்ததும், அதற்குச் சம்பந்தமே இல்லாத மரபணு இயங்கியது!

கேட்க எளிதுதான். ஆனால் ஒட்டுமாங்கன்று கட்டுகிறவரைக் கேளுங்கள், சங்கதியெல்லாம் வெட்டுவாயில் என்பார். இங்கும் அப்படித்தான். தலையையும் வாலையும் இணைப்பது பெரும்பாலும் சுருளாக முறுக்கிய ஒரு துண்டு. அதில் 3.6 அமினோ அமிலத்துக்கு ஒரு சுற்று. மரபணுவில் மூன்றே எழுத்து சேர்த்து ஓர் அமினோ அமிலத்தைக் கூட்டினால் வால் 100 பாகை திரும்பிக்கொள்ளும். சேதி போய்ச் சேராது, அல்லது தலைகீழாகப் போகும். ஏழைக் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று, வால் பழைய பக்கமே பார்த்து நிற்கும். 2009-இல் மோக்லிஷும் மோஃபட்டும், ஒளியை உணரும் தலை ஒன்றைச் சோயா வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் ஆக்சிஜன் ஏற்பி வாலில் பொருத்தினார்கள். இணைப்பின் நீளத்தை மாற்றிப் பார்த்தபோது, ஏழேழாக மாற்றிய இடங்களில் ஒளிக்கட்டுப்பாடு தங்கியது. வடிவமைப்பு என்ற சொல் கம்பீரமாக இருந்தாலும், இந்தத் துறையில் பாதி வேலை பலதையும் கட்டிப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்வதுதான்.

2005-இல் டெக்சஸ், கலிபோர்னியா ஆய்வாளர்களும் அப்படிப் பல இணைப்புகளைச் செய்துபார்த்தே சிபிஹெச்8 என்ற ஒட்டுப் புரதத்தை எட்டினார்கள். தலை, நீலப்பச்சைப்பாசியின் சிவப்பொளி உணரி. வால், அதே என்வி-இசட். தலைக்கு வேண்டிய நிறமி ஈ.கோலையிடம் இல்லை, அதைத் தயாரிக்கும் இரண்டு மரபணுக்களையும் பாசியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். பாக்டீரியாவின் சொந்த என்வி-இசட்டையோ குறுக்கே வராதபடி நீக்கிவிட்டார்கள். ஒட்டுப் புரதம் இருட்டில் கறுப்புச் சாயத்துக்கான மரபணுவை இயக்கும். சிவப்பொளி பட்டால் ஓயும். பாக்டீரியா படர்ந்த தட்டின் மேல் ஒரு படத்தை ஒளியாக வீழ்த்தினால், வெளிச்சம் பட்ட இடம் வெளிறும், மற்றது கறுக்கும். நெகட்டிவ் இல்லாமலே புகைப்படம், சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 மெகாபிக்சல்.