சாக மறுக்கும் செல்

புற்றுநோய் என்றால் தறிகெட்டுப் பெருகும் செல்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிடும் செல்லும் புற்றுக்கு வழிவிடுகிறது. இதைக் காட்டிக்கொடுத்தது பிசிஎல்-2 என்ற மரபணு. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இந்த மரபணு ஓய்வில்லாமல் இயங்குகிறது. 1988இல் மெல்பர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் இதை எலியின் ரத்தச் செல்களுக்குள் புகுத்திப் பார்த்தார்கள். வளர்ச்சிக் காரணியை நிறுத்தியதும் சாதாரணச் செல்கள் மடிந்தன. பிசிஎல்-2 ஏறிய செல்களோ பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. அப்படித் தங்கும் செல்லில் அடுத்தடுத்த மரபணுப் பிழைகள் சேர அவகாசம் கிடைத்துவிடுகிறது.

ஆக, நம் செல்களில் பெரும்பாலானவை உயிரோடிருப்பது தானாக நடக்கும் காரியமல்ல. அதற்கான சமிக்ஞை சுற்றுப்புறத்திலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். கருவில் நரம்புச் செல்கள் தேவைக்கு மேல் பிறக்கின்றன. ரீட்டா லெவி-மொண்டால்சினி கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணி போன்றவை எட்டாத செல்கள் மடிகின்றன. சமிக்ஞை நின்றால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை விழுகிறது. அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிய, காஸ்பேஸ் என்சைம்கள் விழித்துக்கொண்டு உள்கட்டமைப்பை வெட்டத் தொடங்குகின்றன. செல் சுருங்குகிறது, டிஎன்ஏ துண்டாகிறது, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழுகின்றன. சவ்வின் உட்புறம் இருந்த ஒரு கொழுப்பு மூலக்கூறு வெளிப்புறம் திரும்பியதும் விழுங்கு செல்கள் அடையாளம் கண்டு அள்ளிக்கொள்கின்றன. தீப்புண்ணில் செல்கள் சிதைந்து உண்டாகும் அழற்சி இங்கே இல்லை.

இந்தச் சாவு அவ்வளவு அவசியமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் உடலில் பிறக்கும் 1,090 செல்களில் 131 குறித்தபடி சாகின்றன. ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வுக்கூடம் கண்டறிந்த செட்-3 மரபணு பழுதானால் அவை பிழைத்துக்கொள்கின்றன. புழுவும் நன்றாகவே வாழ்கிறது. ஆனால் புழுவுக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாது. காஸ்பேஸ்-9 இல்லாத எலிக்குஞ்சுகள் மூளை மிகையாக வளர்ந்து பெரும்பாலும் பிறக்கும் முன்போ பிறந்தவுடனோ இறக்கின்றன. மனிதரில் ஃபாஸ் மரபணு பழுதானால், ஓய்ந்து மறைய வேண்டிய நோயெதிர்ப்புச் செல்கள் தங்கி நிணநீர்க் கணுக்களை வீங்கவைத்து, சொந்த ரத்தச் செல்களையே தாக்குகின்றன.

அப்படியானால், சாக மறுக்கும் புற்றுச் செல்லில் சாவைத் தூண்டும் மருந்து நல்ல செல்களையும் கொல்லாதா? இந்த அச்சம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. நாவிடோக்ளாக்ஸ் என்ற மருந்து பிசிஎல்-2 புரதத்துடன் அதன் உறவுப் புரதமான பிசிஎல்-எக்ஸ்எல்லையும் முடக்கியது. அதை நம்பியிருந்த தட்டணுக்கள் சரிந்தன. சாவைத் தடுக்கும் இத்தகைய காவல் புரதம் செல்லுக்குச் செல் வேறுபடுவதால், பிசிஎல்-2ஐ மட்டும் குறிவைத்த வெனடோக்ளாக்ஸ் 2016இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது. சில நோயாளிகளிடம் நாளடைவில் எம்சிஎல்-1 என்ற வேறு காவலைப் பற்றிக்கொண்டு புற்றுச் செல்கள் தப்பிவிடுவதும் உண்டு. ஆனாலும் தொடக்கத்தில் அவை மடியும் வேகம் அசாதாரணமானது: சிதைவுப்பொருள்கள் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் செயலிழந்துவிடக் கூடாதென்று, மருத்துவர்கள் 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரங்களில்தான் 400 மில்லிகிராமை எட்டுகிறார்கள்.