அம்பாசிடருக்கு எதற்கு ஈரத்துணி?

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்து பெட்ரோல் அம்பாசிடர், 1489 சிசி. கத்திரி வெயிலிலும் நன்றாகத்தான் ஓடுகிறதாம். டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால்தான் வம்பு: செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ‘20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தானே காரணம்?’ என்கிறார்.

எத்தனால்மேல் பழி போடுவது இப்போது ரொம்ப சுலபம். ஆனால் இந்தக் கோளாறு அதற்கு மூத்தது. எத்தனால் பேச்சே இல்லாத நாளிலேயே டாக்ஸி டிரைவர்கள் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பம்ப் ஒரு அருமையான சாமான். மின்சாரம் கிடையாது. எஞ்சினின் உடம்பிலேயே அதைத் திருகியிருப்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் டயாஃபிரம், அதற்கு ஒரு ஸ்பிரிங், இரண்டு குட்டி வால்வுகள். கேம்ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்ட, டயாஃபிரம் பின்னுக்கு இழுபடும். டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். அதைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது கேம் அல்ல, ஸ்பிரிங். சூட்சுமமே இங்கேதான். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் மிதவை ஊசி வால்வை மூடிவிடும். ஸ்பிரிங்கால் மேலே தள்ள முடியாது. டயாஃபிரம் இழுபட்ட நிலையிலேயே நிற்கும். நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கிண்ணம் குறைந்தால் குறைந்த அளவுக்கு மட்டும் தள்ளும். சிப் இல்லை, சென்சார் இல்லை, தேவைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

பலவீனம் உறிஞ்சுவதில் இருக்கிறது. டேங்க் வண்டியின் பின்கோடியில், பம்ப் முன்கோடியில். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரிதான். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் என்ன இழுத்தாலும் கன்னத்தில் காற்றுதான் நிறையும். வழுக்கை வந்து ஸ்ட்ராவின் வாயை அடைத்தால் அது ஃபில்டர் அடைப்பு. குடிப்பவருக்குப் பல் விழுந்து கன்னம் தொளதொளவென்று ஆகியிருந்தால் அது டயாஃபிரம் தேய்மானம். ஸ்ட்ராவுக்குள்ளேயே இளநீர் கொதித்தால்? அதுதான் விழுப்புரத்தில் நடப்பது.

பெட்ரோல் ஒற்றைத் திரவமல்ல. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் லேசானவை இன்னும் சீக்கிரம் கொதிக்கும். திரவம் ஆவியானால் ஏறக்குறைய 200 மடங்கு இடம் கேட்கும். பம்ப் அந்த ஆவியை விரித்துச் சுருக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. ஓடும்போது ஃபேன் காற்றும் டேங்கிலிருந்து வரும் புது பெட்ரோலும் பம்பைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இரும்பு பிளாக்கின் சூடு மெதுவாகப் பம்புக்கு ஏறும். அதனால்தான் ஓட்டத்தில் வராத தொல்லை டீக்கடையில் வருகிறது. ஈரத்துணியில் மந்திரம் ஒன்றுமில்லை: ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும், அதைப் பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

வரலாறு வேண்டுமென்றால்: பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் அம்பாசிடராக்கியது, வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்தது. 1489 சிசி எஞ்சினும் பிரிட்டனின் பிஎம்சி சரக்குதான், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அந்த ஊர்க் குளிருக்கு வசதியாக, கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று. நம் ஊரில் அது அடுப்பின்மேல் வைத்த கிண்ணமாகிவிட்டது.

இதனால் இரண்டாவது கோளாறும் உண்டு, முதலாவதற்கு நேர் எதிர். கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்துவிடும். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் இதுதான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பிடித்துவிடும். வாடையே இல்லாவிட்டால் முதல் கோளாறு, துணியை நனையுங்கள். எரியும் சூட்டில் இருக்கும் மேனிஃபோல்டில் தண்ணீர் படக்கூடாது, விரிசல் விடும்.

சரி, எத்தனால்? தனியாக அது 78 டிகிரியில்தான் கொதிக்கும். பெட்ரோலில் கலந்தால் கலவை சீக்கிரம் ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் அந்த விளைவு 10 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 20 ஆக்கியதால் கூடுவதில்லை. லிட்டருக்கு எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான்; 20 சதவீதக் கலவையில் 6, 7 சதவீதம் குறையும். மைலேஜ் பாதியாகிவிட்டது என்பவரின் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது. வித்தியாசமே இல்லை என்பவர் கணக்குப் போடவில்லை. குழாயில் காந்தம் மாட்டினால் சரியாகும் என்று விற்பவரோடு பேசவே வேண்டாம். பழைய வண்டிக்காரர் பயப்பட வேண்டியது ரப்பருக்கு: அந்தக் காலத்து டயாஃபிரமும் ஹோஸும் எத்தனாலுக்குச் செய்தவையல்ல, ஊறி உப்பும்.

இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து, உறிஞ்சாமல் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். குழாயில் ஆவி சேர இடமில்லை. அம்பாசிடருக்கும் பின்பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தலாம். ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கான, கால் பார் அளவு அழுத்தம் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இன்ஜெக்‌ஷன் காரின் பம்பை மாட்டினால் அது 3 பார் தள்ளும். ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழிந்து விழும் இடம் எக்ஸாஸ்ட்.