யார் கையில் பராமரிப்புப் பணம்?

புது தில்லி: குளிக்கவும் உண்ணவும் பிறர் துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளி, அந்தத் துணை யார் என்பதைத் தாமே தீர்மானிக்க முடியுமா? முடியும் என்கிறது சட்டம். இடமளிக்க மறுக்கிறது நிதி ஒதுக்கீடு.

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்புச் சேவைக்குப் பதிலாகப் பணத்தையே பயனாளியிடம் வழங்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது. உதவியாளரை அமர்த்துவதும் நீக்குவதும் பயனாளியின் பொறுப்பாயிற்று.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பராமரிப்பாளர் படியைப் பற்றிக் கூறுகிறது. தீவிர உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கே அப்படி என்பது கவனிக்கத்தக்கது, பராமரிப்பாளருக்கு அல்ல. ஆனால், "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உள்ளது. அரசுகள் தள்ளிப்போட அது போதும்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 79 வயது வரை மாதம் ரூ.300 மட்டுமே. அதையும் பெற வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 80 சதவீதக் குறைபாடும் வேண்டும். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்து வழங்கினாலும், மாதம் முழுவதும் ஓர் உதவியாளரை அமர்த்த அத்தொகை போதாது. எனவே அந்தச் சுமை தாயிடமோ மனைவியிடமோ ஊதியமின்றி இறங்குகிறது.

தேர்ந்தெடுக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. அதற்கான பணம்தான் பட்ஜெட்டில் இல்லை.