எண் பெரிது, மணி சிறிது

மணிநகரில் குடியிருந்துகொண்டே மணியின் அளவை அறியாதிருந்தோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது அதுவே.

அடுத்த வீட்டில் சௌராஷ்டிரத்து மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். ‘பா’ என்றே எல்லோரும் அழைப்போம். அவரிடம் என் மனைவி, பாசிமணியால் வாசல் தோரணம் பின்னக் கற்றுக்கொண்டாள். ஒரு திருமண வீட்டார் தோரணம் ஒன்று வேண்டுமென்று முன்பணமும் கொடுத்தனர். பாதி வேலையில் வெள்ளை மணி தீர்ந்துபோயிற்று. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் வேறொரு கடையில், “11-ஆம் எண் வெள்ளை” என்று கேட்டு வாங்கி வந்தவன் நானே. எண் ஒன்றுதான், மணி ஒன்றன்று. புதிய மணி சற்றே பெரிது. அது சேர்ந்த பகுதி அலையலையாய் நெளிந்து நின்றது. பத்து இரவுகளின் உழைப்பைப் பிரிக்கவேண்டியதாயிற்று. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

அதன் பின்னரே இவ்வெண்ணின் பொருளை ஆராயத் தொடங்கினேன்.

ஆலைத் தொழிலை அறிந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நூல் மெல்லியது. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் எண். மணியிலும் எண் ஏற ஏற உருவம் குறையும். மணிப் பொட்டலத்தில் 11/0 என்று அச்சிட்டிருப்பார்கள். முற்காலத்தில் அளவு சிறுத்துக்கொண்டே போகப் போக 0, 00, 000 என்று சுழியங்களை அடுக்கினார்கள் என்றும், பதினொரு சுழியங்களின் சுருக்கமே 11/0 என்றும் விளக்குவர். ஏறக்குறைய 6/0 மணியின் குறுக்களவு 4 மி.மீ.; 8/0 மணி 3 மி.மீ.; 11/0 மணி 2 மி.மீ.; 15/0 மணி 1.5 மி.மீ.

‘ஏறக்குறைய’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் உள்ளது. நூலின் எண்ணுக்குத் திட்டமான கணக்கு உண்டு. மணியின் எண்ணுக்கு அத்தகைய கணக்கு இல்லை. உருகிய கண்ணாடியை நடுவே துளையிருக்கும்படி நீண்ட குழலாய் இழுத்து, சிறு துண்டுகளாய் நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்குகிறார்கள். பிறகு சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். குழலை இழுத்து நறுக்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் பண்டைக்காலத்திலேயே இவ்வாறு மணி செய்தனர். ஒரே 11/0 எண்ணில் செக் நாட்டு மணி, ஜப்பானிய மணி, நம் நாட்டு மணி ஆகிய மூன்றும் சிறிது சிறிது வேறுபடும். ஜப்பானில் செய்யும் உருளை வடிவ மணியோ 11/0 என்ற பெயர் தாங்கியும் 1.6 மி.மீ. அளவே இருக்கும். ஒரு மணிக்கு 0.2 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. நூறு மணி சேர்ந்தால் அது 20 மி.மீ.! எங்கள் தோரணம் நெளிந்த காரணம் இதுவே.

பா எந்த எண்ணையும் பார்ப்பதில்லை. பழைய மணியில் இருபதும் புதிய மணியில் இருபதும் தனித்தனி நூலில் கோத்து, இரண்டையும் அருகருகே இழுத்துப் பிடிப்பார். நீளம் ஒத்தால் வாங்குவார். இல்லையேல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் ஊர்ப்பக்கத்து மணி வேலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து மணிகள் ஸான்ஸிபார் வழியாக வந்தனவாம். கடல் கடந்து வந்த சரக்கை இன்னொரு முறை அதேபோல் பெறுவது எளிதா? அந்த எச்சரிக்கையே பரம்பரையாய் வந்திருக்கக்கூடும்.

மணி வேலை செய்யும் நம் சகோதரிகள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்வார்களாக. முதலாவது, ஒரு வேலைக்கு வேண்டிய மணி முழுவதையும் ஒரே கடையில், ஒரே தயாரிப்பில், ஒரே தடவையில் வாங்குக. 11/0 உருண்டை மணி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 நிற்கும். அதைக்கொண்டு தேவையைக் கணக்கிட்டுச் சிறிது கூடுதலாகவே வாங்கலாம். இரண்டாவது, துளையையும் சோதியுங்கள். ஒரே மணியில் ஊசி இரண்டு மூன்று முறை நுழையவேண்டும். ஊசியிலும் எண் ஏறினால் பருமன் குறையும். 11/0 மணிக்கு 10-ஆம் எண் ஊசி போதும், 15/0 மணிக்கு 12-ஆம் எண் வேண்டும். மூன்றாவது, கோப்பதற்கு முன் மணிகளைத் தட்டில் பரப்பி, பருத்ததையும் சிறுத்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

திருமணத்திற்கு முதல் நாள் இரவு எங்கள் தோரணம் முடிந்தது. நெளிவு ஒன்றும் இல்லை. இப்போது கடைக்கு மணி வாங்கச் சென்றால் என் சட்டைப்பையில் இருபது மணி கோத்த நூல் ஒன்று இருக்கும். அதைக் கட்டிக் கொடுத்தவள் என் மனைவி.