ஆற்று நீரேந்து பிரதேசத்தின் நீர்ச் சமநிலை

ஓர் ஆற்றுக்கு நீரை வழங்கும் நிலப்பரப்பு அதன் நீரேந்து பிரதேசம் எனப்படும். கனகராயன் ஆற்றின் நீரேந்து பிரதேசத்தில் பெய்யும் மழையே கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. எனினும் பெய்யும் மழை முழுவதும் குளத்தை அடைவதில்லை. ஒரு பகுதி ஆவியாதலாலும் தாவரங்களின் ஆவியுயிர்ப்பாலும் இழக்கப்படும். மற்றொரு பகுதி மண்ணிலும் தரைக்கீழும் சேமிக்கப்படும். எஞ்சுவதே ஓடுநீராகும்.

ஓடுநீர் = மழைவீழ்ச்சி − ஆவி இழப்பு − சேமிப்பு மாற்றம்

உதாரணம்: 100 சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஒரு நீரேந்து பிரதேசத்தைக் கருதுக. (எண்கள் பயிற்சிக்கானவை.)

நவம்பர்: 300 − 90 − 120 = 90 மி.மீ.
டிசெம்பர்: 300 − 80 − 20 = 200 மி.மீ.

1 சதுர கிலோமீற்றர் பரப்பில் 1 மி.மீ. ஆழமான நீரின் கனவளவு 1,000 கன மீற்றர் ஆகும். எனவே,

நவம்பர்: 90 × 100 × 1,000 = 90 இலட்சம் கன மீற்றர்
டிசெம்பர்: 200 × 100 × 1,000 = 200 இலட்சம் கன மீற்றர்

ஓடுநீர்க் குணகம் = ஓடுநீர் ÷ மழைவீழ்ச்சி

நவம்பர்: 90 ÷ 300 = 0.30
டிசெம்பர்: 200 ÷ 300 = 0.67

இரு மாதங்களிலும் மழைவீழ்ச்சி சமனாகும். ஆயினும் ஓடுநீர் இரு மடங்குக்கு மேல் அதிகரித்துள்ளது. நவம்பர் மழையால் மண் நீர் நிரம்பிவிட்டமையே இதற்குக் காரணமாகும். வடகீழ்ப் பருவமழையின் பிற்பகுதியில் வெள்ள அபாயம் கூடுவதை இது விளக்குகின்றது. 2018 டிசெம்பரில் பெய்த கடும் மழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன; கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. மழையளவை மட்டும் பார்ப்பது போதாது. மண்ணின் ஈரநிலையையும் அறிதல் வேண்டும்.

கவனிக்க: ஆழத்தை மி.மீ. இலும் கனவளவைக் கன மீற்றரிலும் எழுதுக. குணகத்துக்கு அலகு இல்லை.