கரிசல் வீட்டுக் குழாய்கள்

சாத்தூருக்கு அண்மையில், அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே வீற்றிருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று கூடும் ஜனத்திரளைக் கண்டு வியப்பவர்கள், அந்நாளில் அவ்வூர் வீடுகளின் குழாய்களும் சாக்கடைகளும் படும் பாட்டை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நாலு பேர் புழங்கும் வீட்டில் உறவும் சிநேகமுமாகப் பதினைந்து பேர் வந்திறங்கி, மஞ்சளும் சீயக்காயும் தலைமுடியும் குளியலறைச் சல்லடை வழியே ஒருசேர இறங்கும்போதுதான், வருஷம் முழுவதும் கவனியாது விட்ட அடைப்பு வெளிப்படுகிறது. ஆயினும், அதிகப் புழக்கத்தால் கெடும் குழாயைக் காட்டிலும், புழக்கமின்றியும் உப்பேறியும் கெடும் குழாயே இந்தப் பிரதேசத்தில் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கரிசல் பூமியில் அநேக வீடுகளில் நீர் இரு வகை: முறை வைத்து வரும் நல்ல தண்ணீர் ஒன்று, புழக்கத்துக்கு உதவும் போர்த் தண்ணீர் மற்றொன்று. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே உத்தமம் என்றும், வேறு வழியில்லாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கிறது. போர்த் தண்ணீர் அந்த எல்லையை மதிக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, நீர் சூடேறும்போதும் உலரும்போதும் வெண்ணிறக் காரையாகப் படிந்து, ஹீட்டர் கம்பியைப் போர்த்தி மின்சாரத்தை விரயமாக்கி, குழாய் வாயிலுள்ள சிறு சல்லடையையும் ஷவரின் துளைகளையும் ஒவ்வொன்றாக அடைக்கிறது. மாதம் ஒரு முறை அந்தச் சல்லடையைக் கழற்றி, வெந்நீரில் புளியையோ எலுமிச்சை உப்பையோ கரைத்து அதில் இரவு முழுவதும் ஊறப்போட்டால், புளிப்புப் பட்ட காரை நுரை நுரையாகப் பொங்கி நெகிழ்ந்து, விடிந்ததும் பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்தவுடன் உதிர்ந்துவிடும். அவசரப்பட்டுக் கழிவறை ஆசிட்டை ஊற்றுவோர் குழாயின் பளபளப்பை இழப்பார்கள். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துவிட்டால் எழும் குளோரின் வாயுவோ நுரையீரலுக்கே விஷம்.

உப்பைவிடச் சூட்சுமமான சத்துரு உபயோகமின்மை. வீடு கட்டிய நாளில் திறந்து வைத்த கேட் வால்வைப் பிறகு ஒருவரும் தொடுவதில்லை. பல வருஷங்கள் கழித்து ஒரு நடுநிசியில் குழாய் வெடித்து, கூடத்தில் தண்ணீர் பாயும்போது ஓடிப்போய் அதைத் திருகினால், உப்பேறி இறுகிய அது அசையாது. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் தண்டு முறிந்து கையோடு வரும். மாதம் ஒரு தரம் அதை முழுவதும் மூடித் திறந்து, திறந்தபின் கால் திருகு பின்னுக்குத் தளர்த்தி வைப்பது என்ற இந்த ஒரே பழக்கத்துக்காக, மற்ற எல்லாப் போதனைகளையும் நான் விட்டுக்கொடுக்கத் தயார். அந்த வால்வு எங்கே இருக்கிறதென்பதை வீட்டுப் பெரியவர்களோடு பிள்ளைகளும் அறிந்திருத்தல் அவசியம்.

புழங்காத அறையில் துர்நாற்றம் எழுவதும் இதே குற்றத்தின் பலனே. லண்டனில் கடிகாரத் தொழில் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர், கழிவுக் குழாயை வளைத்து அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கச் செய்யும் அமைப்புக்கு 1775-இல் காப்புரிமை பெற்றார். சாக்கடையின் வாடையையும் கரப்பானையும் வீட்டுக்குள் விடாமல் தடுத்து நிற்பது அந்தச் சிறிதளவு நீர்தான். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், விருந்தினர் அறையென்று பூட்டி வைத்த குளியலறையில் அது வற்றிப் போகிறது. வாரம் ஒரு சொம்பு நீர் வார்த்தால் போதும். வெளியூர் போகிறவர்கள் அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயையும் ஊற்றிவிட்டுப் போனால், நீர் ஆவியாவது தாமதப்படும்.

கசிவு வேறு விஷயம். அது சத்தமின்றித் திருடுவது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. மிகச் சிறிய சொட்டென்று கொண்டாலும் நாலு லிட்டருக்குக் குறையாது. 2019 ஆகஸ்டு 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவே 55 லிட்டர் என்பதை நினைத்தால், ஓர் ஓட்டை வாஷர் உண்டுவிடும் பங்கு அற்பமன்று என்பது விளங்கும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் யாரும் தண்ணீர் எடுக்குமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறைத் தொட்டியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சில துளிகள் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, விசையைத் தொடாமலே கோப்பையில் நீலம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

ஊராட்சிக் குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது அண்டை வீட்டாரின் பங்கைப் பறிப்பதோடு நிற்பதில்லை. அழுத்தம் குறைந்த குழாய், மண்ணுக்கடியில் உள்ள விரிசல்கள் வழியே பக்கத்துச் சாக்கடை நீரையும் உள்ளிழுக்கிறது, அதை முதலில் குடிப்பதும் பெரும்பாலும் மோட்டார் போட்ட வீடுதான். தரைத்தொட்டியில் விழவிட்டு அங்கிருந்து மேலேற்றுவதே முறை. தொட்டிக்கு இடைவெளியற்ற மூடி வேண்டும், இல்லாவிடில் டெங்குக் கொசு குடியேறிவிடும். ஊராட்சித் தொட்டிகளில் எழுதுவதுபோல், கழுவிய தேதியை வீட்டுத் தொட்டியிலும் எழுதி வைத்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழுவ வேண்டியது மறக்காது.

மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் சில வருஷங்களில் நொறுங்கும் தன்மையடைகிறது. அதற்கு வெள்ளை வர்ணம் பூசிவிடுவது செலவு குறைந்த வேலை. கழற்றிய பழைய வாஷரையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் நாலைந்தும், டெஃப்லான் டேப் ஒரு சுருளும் வாங்கி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். குழாய் ஒழுகத் தொடங்குவதென்னவோ பெரும்பாலும் சாத்தூர்க் கடைகள் அடைத்தபிறகுதான்.